பிள்ளை யாரிடம் வளர வேண்டும்?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



தலாக், குலா பிணக்குகள் நம் அலுவலகத்திற்கு வரும்போது நகை, சீர்வரிசை, மஹர், இத்தா காலச் செலவு என ஒவ்வொன்றாக எழுதி இரு தரப்பிலும் கையொப்பம் பெறுகிறோம். கடைசி வரியில் பிள்ளையையும் எழுதிவிடுகிறோம். “பிள்ளை தாயிடம் இருக்கும், அதற்கான செலவை இனித் தந்தையிடம் கோரமாட்டேன்” என்னும் வாசகத்தை நாமே பலமுறை எழுதியிருக்கிறோம். அன்றைக்கே பிணக்கு தீர்ந்துவிட வேண்டும் என்ற ஆவலில் எழுதியதுதான். எனினும், அந்த வரி நீதிமன்றத்தில் நிற்காது என்பதை இன்று வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் நம் திருமணம், மணவிலக்கு, காப்பாளர் உரிமை ஆகியவற்றுக்கு ஷரீஅத் முறையையே அடிப்படையாக்கியுள்ளது. ஆயினும் பிள்ளையை ஒப்படைக்கக் கோரும் வழக்குகளில் குடும்ப நீதிமன்றம் கையிலெடுப்பது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டமாகும். பிள்ளைக்குரிய சமயச் சட்டத்தோடு இசைந்த வகையில், பிள்ளையின் நலனுக்கு உகந்தது எதுவெனப் பார்க்குமாறு அதன் 17ஆம் பிரிவு பணிக்கிறது. பிள்ளையின் வயது, பால், மதம், காப்பாளராக விரும்புபவரின் நடத்தை, ஆற்றல், உறவின் நெருக்கம் ஆகியன கருதப்படும். விவரம் அறிந்த பிள்ளையாயின் நீதிபதி தம் அறையில் தனியே அழைத்து அதன் விருப்பத்தையும் கேட்பதுண்டு. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்லர் என்பதை, சென்னையிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இத்தகைய ஆணைகள் நிரந்தரமானவை அல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றப்படக் கூடியவை என்பதும் அத்தீர்ப்பின் கருத்தாகும்.

இது நம் மார்க்கத்திற்கு அந்நியமானதா எனச் சிலர் வினவுகின்றனர். ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏழு வயது வரையிலும், பெண் பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயின் ஹளானத்தில் வளரும். நம் கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், ஏறத்தாழ ஏழு வயதில் விவரம் தெரிந்தபின் பிள்ளையே தாய் தந்தையருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு சிறுவனிடம் அவ்வாறு கேட்டபோது, அவன் தாயின் கையைப் பற்றிக்கொண்டான் என்ற செய்தி அபூதாவூதில் உள்ளது. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பது நமக்குப் புதிதன்று.

வேறுபாடு ஓரிடத்தில் உண்டு. தாய் அந்நிய ஆடவரை மறுமணம் செய்தால் ஹளானத் உரிமை போய்விடும் என்பது ஃபிக்ஹு நூல்களின் பொதுவிதி. நீதிமன்றமோ அதனைப் பல காரணங்களுள் ஒன்றாகவே எடைபோடும். மறுமணம் ஒன்றையே காட்டித் தந்தை வென்றுவிட இயலாது. தாய்க்கு வருமானமில்லை என்ற வாதத்தின் வலிமையும் அவ்வளவே. பிள்ளையைத் தாய் வளர்த்தாலும் செலவு தந்தையின் பொறுப்பன்றோ? 1997ஆம் ஆண்டு நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. வசதியுள்ள முஸ்லிம் தந்தை, பிள்ளைகள் உரிய வயதை அடையும் வரையிலும், பெண் மக்களாயின் திருமணமாகும் வரையிலும் ஜீவனாம்சம் அளிக்க வேண்டும். அவ்வழக்கு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழ் எழுந்தது. 2024 ஜூலை முதல் அந்த இடத்தில் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவு உள்ளது. இத்தொகை பிள்ளையின் உரிமை. அதனைத் தாய் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியாது; நாமும் அதனை எழுதி வாங்க முடியாது.

முத்தலாக் சொல்லப்பட்ட நிகழ்வில், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உரிமை தாய்க்கு உண்டு; அதன் முறையை நடுவர் நிர்ணயிப்பார்.

தந்தையரின் மனக்குறையையும் நாம் அறிவோம். வளைகுடாவிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவர், பள்ளிவாசலில் மகனைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது கொடுமையே. பிள்ளையைக் காட்ட மறுப்பதைத் தாய்வீட்டார் ஒரு தண்டனையாகக் கையாளுகின்றனர். இதனை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. பெற்றோர் வெவ்வேறு நாட்டிலிருந்தாலும் காணொளி அழைப்பு வழியே பிள்ளையோடு பேசும் உரிமையை 2020ஆம் ஆண்டு யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. (நம் மஹல்லாவில் குடும்பம் ஒன்றாயிருக்கும் வீடுகளிலேயே பாதிப் பிள்ளைகளுக்கு வாப்பா கைப்பேசியில்தானே இருக்கிறார்!) அதேபோல், பிள்ளையை இரவோடிரவாக வேறு ஊருக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்து அங்கே வழக்குப் போடலாம் என எண்ணுவோரும் ஏமாறுவர். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திற்கே அதிகாரம் உண்டு.

அப்படியானால் ஜமாஅத்துக்கு வேலையில்லையா? உண்டு. நம் முடிவுகளுக்குச் சட்ட வலிமை இல்லையென 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மையே. ஆனால் சமரசம் செய்வதை அது தடுக்கவில்லை. இரு தரப்பும் மனமொப்பிய உடன்பாட்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, பிள்ளையின் நலனுக்கு ஏற்றதென நீதிபதி கருதினால், ஆணையாகவே பெறலாம்.

எனவே நிர்வாகக் குழு கூடி, நம் ஒப்பந்தத் தாளிலிருந்து பிள்ளைச் செலவைத் தள்ளுபடி செய்யும் வாசகத்தை நீக்க முடிவெடுத்துள்ளது. அவ்விடத்தில் மாதத் தொகை, பள்ளிக் கட்டணம், தந்தை பிள்ளையைக் காணும் நாள்கள், இரு பெருநாள்களில் பிள்ளை இருக்கும் வீடு ஆகியன எழுதப்படும். முன்பு கையெழுத்திட்டவர்கள் தம் படியை எடுத்துக்கொண்டு அலுவலகத்திற்கு வரலாம். நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், பெண்களுக்கும் சிறாருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தை நம் அலுவலகத்திலேயே எழுதித் தர ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.