காலண்டர் படமும் நம் பெரியவர்களும்

(யூபிலி நவநாளில் முதியோருக்கான திருப்பலியில் ஆற்றிய உரை)



நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகையில், மறதி நோய் கண்ட ஒரு தாயாரிடம், "வந்திருக்கிற சாமி யாருன்னு தெரியுதா பாட்டி?" என்று மாதந்தோறும் கேட்டுவந்தோம். ஒரு நாள் அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்பாக விசாரிப்பதாக நாம் நினைத்தோம். அவருக்கோ அது மாதம் தவறாத பரீட்சை.

நம் நாட்டில் 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. பெரும்பாலும் நேற்றைய சங்கதி முதலில் மறக்கும். பழைய பாட்டும் கைப்பழக்கமும் நெடுநாள் நிற்கும். நாடகத்தைச் சிகிச்சையாகக் கொண்டவர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் முதியோர் இல்லம் ஒன்றுக்கு 1996இல் ஆன் பேஸ்டிங் என்ற நாடக அறிஞர் போய்வந்தார். பழைய ஞாபகங்களைக் கிளறிப் பார்த்தார், பலிக்கவில்லை. ஒரு நாள் சிகரெட் விளம்பரப் படம் ஒன்றைக் காட்டி, ஞாபகம் வேண்டாம், இவனைப் பற்றிக் கதை கட்டுங்கள் என்றார். பேசாதவர்கள் பேசினர், பாடினர், சிரித்தனர். எதையும் தவறென்று திருத்தாமல் அவர் எழுதிக்கொண்டார்.

சிவகாசிக்காரருக்குப் படத்துக்கா பஞ்சம்? நாடெங்கும் காலண்டர் அனுப்புகிற ஊராயிற்றே!

முன்சொன்ன பாட்டி விடியுமுன் எழுந்து, "தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்துருச்சு, கதவைத் தொற" என்று தட்டுவார். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாயிற்று என்று வீட்டார் சத்தம் போடுவார்கள், அழுகைதான் மிச்சம். இப்போது மருமகள், "இன்னிக்கு வீட்லயே பெட்டி ஒட்டச் சொல்லிட்டாக அத்தை" என்று அட்டையும் பசையும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருகிறார். விரல்கள் ஓடுகின்றன.

"இது பொய்யில்லையா சாமி?" என்று அந்த மருமகள் நம்மிடம் கேட்டார். எட்டாம் கட்டளை அறிந்த பெண். நாமும் யோசித்தோம். யாரையும் ஏய்க்க அல்ல, அத்தை இருக்கும் இடத்துக்குத் தாமும் போய் உட்காரத்தான் அவர் அப்படிப் பேசுகிறார். பாஸ்கு நாடகத்தில் யூதாசாக நின்றவரை நாம் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிடுவதில்லையே!

போன மாதம் நாமும் கேள்வியை மாற்றினோம். குதிரையேறிய பையன் படத்தைக் காட்டி, எங்கே போகிறான் என்றோம்.

"சாத்தூருக்கு. காராச்சேவு வாங்க."

குதிரையிலா?

"பஸ் வரல சாமி, என்ன செய்வான்?"