யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?

மனித உரிமை, ஜனநாயகம், உலக நாடுகளின் ஒப்பந்தங்கள் என்னும் பெரிய சொற்களைச் சபைகளிலும் சங்கங்களிலும் அடிக்கடி கேட்கிறோம். கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் நம்மவர்கள் கூடிப் பேசும்போதும் இவ்விஷயம் எழுவதுண்டு. அப்பொழுதெல்லாம் யாரேனும் ஒருவர், "இவை ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் பேசுகிற சங்கதி, பிழைக்க வந்த நமக்கு இதனால் என்ன?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கு என்னால் இயன்ற விடையை இன்று கூற விரும்புகிறேன்.

மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், வடக்கே வேறொரு நகரில் இருந்தபோது, ஓர் இரவு காவல் நிலையம் ஒன்றிற்கு என்னை அழைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹோட்டல் சமையற்கட்டில் வேலை செய்துவந்த ஓர் இளைஞனை, பணம் காணாமற்போன வழக்கில் பிடித்து வைத்திருந்தனர். அவனுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. அவனை யாரும் அடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைதுக் குறிப்பை முறைப்படி எழுதி, அவனிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அதை வாங்கிப் படித்தேன். 'யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' என்ற இடத்தில், 'ஒருவரும் இல்லை' என்று எழுதியிருந்தது.

"தம்பி, உனக்கு வீட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்டேன்.

"அம்மா இருக்கா அண்ணாச்சி, தங்கச்சியும் இருக்கா. இவங்க என்னமோ கேட்டாங்க, நான் தலையை ஆட்டிட்டேன்" என்றான்.

அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதச் செய்தோம். மறுநாள் மாஜிஸ்திரேட்டின் முன் அவன் நின்றபோது, அவனுக்காகப் பேச இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவர் இருந்தார். ஊரில் அவன் தாய்க்கும் செய்தி எட்டியிருந்தது.

அந்த வரி அக்காகிதத்தில் எவ்வாறு இடம்பெற்றது என்று பின்னர் தேடிப் பார்த்தேன். அதன் கதை இந்த வங்க நாட்டில் தொடங்குகிறது. 1986-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் டெலிகிராப், ஸ்டேட்ஸ்மன் முதலிய பத்திரிகைகளில், போலீஸ் காவலில் நேர்ந்த மரணங்களைப் பற்றிய செய்திகள் வெளிவந்தன. இத்தகைய செய்திகளைப் படித்ததும் நாம், "ஐயோ பாவம்" என்று வருந்திவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கிறோம். மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் செயல் தலைவராயிருந்த டி. கே. பாசு அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டு 26-ஆம் தேதி அச்செய்திகளைச் சுட்டிக்காட்டி, இந்தியாவின் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். சுப்ரீம் கோர்ட் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது. எல்லா மாநில அரசாங்கங்களுக்கும் நோட்டீஸ் சென்றது. பத்தாண்டுகளுக்குப்பின், 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ. எஸ். ஆனந்த் இருவரும் தீர்ப்பளித்தனர். கைது செய்வோர் கடைப்பிடிக்க வேண்டிய 11 விதிகளை அத்தீர்ப்பு வகுத்தது.

அவற்றுள் சிலவற்றைக் கூறுகிறேன். கைது செய்யும் அதிகாரி தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் வில்லையை அணிந்திருக்க வேண்டும். நாளும் நேரமும் குறித்துக் கைதுக் குறிப்பு எழுத வேண்டும்; ஒரு சாட்சியேனும் அதில் கையொப்பமிட வேண்டும். காவலில் உள்ளவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். கைதானவர் கூறும் உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி தெரிவிக்க வேண்டும்.

நமக்கென்றே எழுதியதுபோல் மற்றொரு விதியும் உண்டு. அந்த உறவினர் வெளியூரில் இருந்தால், சட்ட உதவி அமைப்பின் வாயிலாகவும் அவ்வூர்க் காவல் நிலையத்தின் வாயிலாகவும் 8 முதல் 12 மணி நேரத்திற்குள் தந்தி மூலம் அறிவிக்க வேண்டும் என்பதே அது. தந்திச் சேவை 2013-இல் நின்றுவிட்டது. அறிவிக்கும் கடமை நிற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவும், கைதுக் குறிப்பையும் உறவினருக்குத் தகவல் தெரிவிக்கும் உரிமையையும் வலியுறுத்துகிறது.

இனி, ஜெனீவாவுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தத்தைப் பார்ப்போம். ஐக்கிய நாடுகள் சபை 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸ் நகரில் மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் முதல் ஷரத்தில் ஆண்பாலாக ஒலித்த ஆங்கிலச் சொல்லை மாற்றி, 'மனிதப் பிறவிகள் அனைவரும்' என்று பொருள்படச் செய்தவர் நம் நாட்டுப் பிரதிநிதி ஹன்ஸா மேத்தா. யாரையும் சித்திரவதை செய்யலாகாது என்பது அதன் ஐந்தாம் ஷரத்து. பாசு வழக்கின் தீர்ப்பு இப்பிரகடனத்தை எடுத்துக்காட்டுகிறது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் 1979-இல் இந்தியா சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு நஷ்டஈடு தரும் ஷரத்துக்கு ஆட்சேபம் குறித்திருந்தது. அந்த ஆட்சேபத்துக்கு இனிப் பொருளில்லை என்றும் நீதிபதிகள் கூறினர். ஒரு தேசம் உலகுக்குச் சொன்ன வார்த்தையையே ஒரு குடிமகனின் கடிதம் இவ்வாறு மறுபரிசீலனைக்குக் கொண்டுவந்தது.

இதனால் கொடுமை ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ. நா. உடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்ட இந்தியா, அதை இன்னும் உறுதிப்படுத்தவில்லை. விதி ஏட்டில் இருப்பது வேறு. அது நிலையத்து மேஜைமேல் உயிர்பெறுவது வேறு. அதற்கு, விதியை அறிந்து கேட்கும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். கேட்பது புரியும் மொழியிலும் இருக்க வேண்டும்.

இம்மொழி விஷயத்தையும் நீதிமன்றம் கவனித்தே வந்திருக்கிறது. ஆங்கிலம் அறியாத ஒருவருக்குக் காவலின் காரணங்களை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தது செல்லாது என்று 1962-இலேயே, ஹரிகிஸன் என்பவரின் தடுப்புக்காவல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. கைதின் காரணங்களை அவரவருக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் மீண்டும் வலியுறுத்தியது. தேசிய மனித உரிமை ஆணையத்திற்கு நாம் தமிழிலேயே முறையிடலாம், கட்டணம் இல்லை, சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.

ஆகவே, வெளி மாநிலங்களில் உள்ள நம் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் நாம் கமிட்டி அமைக்கிறோம். அதைப்போலவே, இரவில் அழைத்தாலும் வந்து மொழிபெயர்த்துச் சொல்லக்கூடிய இருவர் பெயரையும், 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணையும் எழுதிச் சங்கத்தின் வாசலில் வைப்போம். புதிதாக வேலை தேடி வரும் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டுவோம். புரியாத கேள்விக்குத் தலையாட்டாதே, புரியவில்லை என்று சொல் என்று கற்றுக்கொடுப்போம்.

'யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' என்று கேட்கும்போது, அவர்களுக்குச் சொல்ல ஒரு பெயராவது இருக்கட்டும். அது நம் பெயராகவும் இருக்கலாம் அல்லவா?