மாத்தேராவின் குகை வீடுகள்

இத்தாலி நாட்டின் வரைபடம் நெடுஞ் சப்பாத்து அணிந்த காலொன்றைப் போன்றது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். விடுமுறைப் பயணிகளிற் பெரும்பாலோர் வெனிஸ், புளோரன்ஸ், உரோமாபுரி ஆகியவற்றைக் கண்ட அளவில் திரும்பிவிடுகின்றனர். சப்பாத்தின் குதிக்கும் விரல் நுனிக்கும் இடைப்பட்ட வளைவில், பசிலிக்காத்தா மாகாணத்தில், மாத்தேரா என்றொரு நகரம் உண்டு. பாரித் துறைமுகத்திலிருந்து ஒடுங்கிய பாதையிற் செல்லும் சிறு புகையிரதம், கோதுமை வயல்களையும் ஒலிவ மரங்களையும் கடந்து, ஆறுதலாக அங்கே கொண்டு சேர்க்கும்.

மேல்நகரைக் கண்டதும், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று பயணி ஏமாற்றமடையக்கூடும். சதுக்கத்தின் ஓரத்துக்குச் சென்று கீழே நோக்கினாற்றான் வியப்புத் தொடங்கும். ஆழ்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவெங்கும் சாம்பல் நிற வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குண்டு கிடக்கின்றன. ஒரு வீட்டின் கூரையே அடுத்த வீட்டாருக்குத் தெருவாகின்றது. முகப்பு மாத்திரமே கட்டப்பட்டது. உள்ளே இருப்பது மென்மையான சுண்ணக் கல்லைக் குடைந்த குகை. 'சஸ்ஸி', அதாவது கற்கள், என்பதே இப்பகுதியின் பெயர். மழைநீர் ஒரு துளியும் வீணாகாதவாறு பாறையுள் தொட்டிகள் குடையப்பட்டிருந்தன. 1991இல் மீண்டும் கண்டறியப்பட்ட பெருந்தொட்டியொன்று சதுக்கத்தின் கீழே உளது. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் லீற்றர் கொள்ளும் அதனுள்ளே பயணிகள் நடந்து பார்க்கலாம்.

ஆயினும் இவ்வழகின் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. முசோலினியின் ஆட்சியை எதிர்த்தமையால் 1935இல் இம்மாகாணத்துக்கு நாடு கடத்தப்பட்டவர், மருத்துவம் கற்ற ஓவியர் கார்லோ லேவி. அவரைக் காண வந்த சகோதரியார் வழியில் மாத்தேராவைப் பார்த்தார். ஒரே குகைக்குள் பெற்றோர், பிள்ளைகள், கோவேறு கழுதை, பன்றி, கோழி! குழந்தைகள் மலேரியாவினாலும் கண் நோயினாலும் வாடினர். காசு கேட்கவில்லை, கொயினா மருந்து கேட்டனர். 1945இல் வெளிவந்த லேவியின் நூல் இதனை நாடறியச் செய்தது. 1948இல் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தொக்லியாத்தி இதனைத் தேசிய அவமானம் என்றார். 1950இல் பிரதமர் தெ கஸ்பேரி நேரில் வந்து பார்த்தார். 1952இல் சட்டம் பிறந்தது. ஏறத்தாழப் பதினையாயிரம் மக்கள் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர்.

அங்கே தண்ணீரும் வெளிச்சமும் கிடைத்தன. அதனைக் குறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் பல குகைகள் ஒரே முற்றத்தை நோக்கியிருந்த பழைய அமைப்பிலே, ஒருத்தியின் பிள்ளையை மற்றொருத்தி பார்த்துக்கொள்வது வழக்கம். லா மார்த்தெல்லா என்னும் புதுக் கிராமத்தை வகுத்த குவாரோனி முதலிய கட்டடக் கலைஞர்கள் அந்த அயலுறவைக் காப்பாற்ற முயன்றனர். முற்றத்தைக் கட்டலாம், அயலவரை எங்ஙனம் கட்டுவது?

வெறிச்சோடிய குகைகளில் 1964இல் வெளிவந்த பசோலினியின் திரைப்படத்துக்காகப் பழைய எருசலேம் எழுந்தது. 1986இல் புனரமைப்புக்கெனச் சட்டம் வந்தது. 1993இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றது. 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்னும் பெருமையும் சேர்ந்தது. கழுதை நின்ற மூலையிலே இன்று பயணியின் கட்டில் கிடக்கின்றது. வறுமைக்காக மக்களை வெளியேற்றிய அதே குகையில் ஓரிரவு தங்குவதற்குக் கைநிறையப் பணம் கொடுக்கவேண்டும்.

அதற்காகப் போகாதிருக்கத் தேவையில்லை. விடுதிக்குள் நுழையுமுன், விக்கோ சொலித்தாரியோவில் பழைய தட்டுமுட்டுச் சாமான்களோடு காட்சிக்கு வைத்திருக்கும் குகை வீட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆடி, ஆவணி மாத வெயிலிற் கல் அனலாய்க் கொதிக்கும். வசந்த காலமே உகந்தது. படிகள் வழுக்குமாதலால் நல்ல அடியுள்ள சப்பாத்து வேண்டும். உல்லாசப் பயணக் கூட்டம் பஸ்ஸேறிப் போனபின், விளக்குகள் ஏற்றப்படும் மாலை வேளையை எவரும் தவறவிடலாகாது.

இவ்வூர்க் கோதுமை ரொட்டி புகழ்பெற்றது. முன்னாளிற் பெண்கள் வீட்டிற் பிசைந்த மாவைப் பொது அடுப்புக்கு அனுப்புவர். ரொட்டிகள் மாறிவிடாதிருக்க, மரத்திற் செதுக்கிய முத்திரையொன்றை ஒவ்வொரு குடும்பமும் வைத்திருந்தது. அம்முத்திரைகள் இன்று கடைகளில் நினைவுப் பொருளாக விற்பனையாகின்றன. பழையவற்றை உற்றுப் பார்த்தால், குடும்பத் தலைவரின் பெயரெழுத்துகள் தெரியும்.