கைபேசியில் வந்த படம் திறக்கவில்லையா?

(உழவர் பயிற்சி வகுப்பில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)

நெற்பயிரின் இலையில் புள்ளி கண்டால், முன்பெல்லாம் செடியைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு எடுத்து வருவீர்கள். இப்பொழுது கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறீர்கள். பதிலும் படமாகவே வந்துவிடுகிறது. அலைச்சல் மிச்சம், பேருந்துச் செலவும் மிச்சம். ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர், "படம் வந்திருக்கு சார், தொட்டா திறக்க மாட்டேங்குது, மங்கலாத்தான் தெரியுது" என்கிறார்கள். மங்கலாகத் தெரிந்ததை வைத்தே மருந்துக் கடைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. என் கவலை அவர்களைப் பற்றியதே.

ஒரு உதாரணம் கூறுகிறேன். குலை நோயின் புள்ளி இரு முனைகளும் கூர்மையாக, கண் வடிவில் இருக்கும். நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும் ஓரம் பழுப்பாகவும் காணப்படும். செம்புள்ளி நோயின் புள்ளியோ எள் விதை போல நீள்வட்டமாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். தெளிவான படத்தில் இவ்வேறுபாட்டைச் சிறு பிள்ளையும் கண்டுகொள்ளும். மங்கலான படத்தில் இரண்டும் பச்சையில் தெளித்த பழுப்புக் கறைதான். குலை நோய் கண்ட வயலுக்கு யூரியா மேலுரம் இட்டால் நோய் மேலும் பரவும். ஆகவே தழைச்சத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறோம். செம்புள்ளி நோயோ பெரும்பாலும் வளம் குன்றிய, சத்துக் குறைந்த நிலத்தில் அதிகம் காணப்படுவது. அங்கே உரத்தை நிறுத்தினால் பயிர் மேலும் நலிந்துபோகும். ஒன்றுக்குச் செய்வது மற்றொன்றுக்குக் கேடு. எனவே முழுப்படம் திறக்கும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

படம் ஏன் மங்கலாக வருகிறது? ஒருவர் படம் அனுப்பும்பொழுது செய்தியோடு உங்கள் கைபேசிக்கு முதலில் வந்து சேர்வது அப்படத்தின் மிகச்சிறிய நிழலுரு மட்டுமே. முழுப்படம் வாட்ஸ்அப் நிறுவனத்தின் கணினியில் இருக்கும். உங்கள் கைபேசி அங்கிருந்து அதைக் கொண்டுவர வேண்டும். தபால்காரர் 'பார்சல் வந்திருக்கிறது' என்று சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவது போலத்தான் இதுவும். சீட்டு உங்கள் கையில், பார்சல் அஞ்சலகத்தில்.

மங்கலான படத்தின் மீது கீழ்நோக்கிய அம்புக்குறியும், பக்கத்தில் 150 கேபி, 200 கேபி என்று ஏதேனும் ஓர் அளவும் தெரிந்தால், அது பழுதே அன்று. அம்புக்குறியைத் தொட்டால் படம் இறங்கும். ஒவ்வொரு முறையும் தொட விருப்பமில்லாதவர்கள் வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற பகுதிக்குச் சென்று, மொபைல் டேட்டாவில் எவை தானாக இறங்கலாம் என்பதைக் குறிக்கலாம். படங்களுக்கு மட்டும் குறியிடுங்கள். வீடியோவுக்கும் குறியிட்டால் குழுவில் வருகிற சினிமாப் பாட்டெல்லாம் உங்கள் செலவில் இறங்கிக் கொண்டிருக்கும்.

தொட்டும் இறங்கவில்லையா? உடனே கைபேசிக் கடைக்கு ஓட வேண்டாம். வேறொருவர் அனுப்பிய படத்தைத் தொட்டுப் பாருங்கள். அது திறந்தால் உங்கள் கைபேசியில் குறையில்லை. அந்த ஒரு படத்தில்தான் குறை. பல நாள் கழித்துத் தொடுகிறபொழுது இப்படி நேரும், ஏனெனில் நிறுவனத்தின் கணினியில் படங்களைக் காலவரையின்றி வைத்திருப்பதில்லை. அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்வதுதான் வழி. நூறு தடவை தொட்டாலும் பயனில்லை.

எந்தப் படமுமே இறங்கவில்லை என்றால் இணையத்தைப் பாருங்கள். 'போன் பேச முடிகிறதே' என்பீர்கள். பேச்சு வேறு, இணையம் வேறு. மொபைல் டேட்டா அணைந்திருக்கலாம். அன்றைய அளவு தீர்ந்திருக்கலாம். நாளொன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வழங்கும் திட்டங்கள் பலவற்றில், அந்த அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் அது நொடிக்கு 8 கேபி. 200 கேபி படத்திற்கு 25 நொடி ஆகும். 2 எம்பி படத்திற்கு நான்கு நிமிடத்திற்கு மேல். அதற்குள் சிக்னல் அறுந்தால் படம் பாதியில் நின்றுவிடும். மாலையில் வீட்டுப் பிள்ளைகள் அதே கைபேசியில் வீடியோ பார்த்து முடித்த பிறகு வருகிற படம் இறங்காமல், மறுநாள் காலையில் தானே இறங்குவதன் மர்மம் இதுதான். பம்புசெட் அறைக்குள் நின்றுகொண்டு முயல்வதைவிட, வரப்பு மேட்டிலோ மொட்டை மாடியிலோ நின்று முயல்வதும் நல்லது.

இணையம் சரியாக இருந்தும் இறங்காவிட்டால், கைபேசியில் இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் அதிகம் காண்பது இதைத்தான். களஞ்சியம் நிரம்பியிருந்தால் புது நெல்லை எங்கே கொட்டுவது? பூவும் விளக்குமாக வருகிற 'காலை வணக்கம்' படங்களே பாதி இடத்தைப் பிடித்திருக்கும். அன்போடு அனுப்புகிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பார்த்ததும் அழித்துவிடலாம். முன்பு கூறிய ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியிலேயே மேனேஜ் ஸ்டோரேஜ் என்று உள்ளது. அதில் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளும், பலமுறை பலரிடம் கைமாறி வந்தவையும் தனித்தனியே காட்டப்படும். அங்கிருந்து அழிக்கத் தொடங்குங்கள். நில ஆவணம், மண் பரிசோதனை முடிவு போன்றவற்றின் படங்கள் அக்கூட்டத்தில் கலந்திருக்கும். அவற்றை முதலில் வேறிடத்தில் சேமித்த பின்னரே அழியுங்கள்.

பலரும் கவனிக்காத மற்றொன்று கைபேசியின் தேதி. பாட்டரி முழுவதும் தீர்ந்து மீண்டும் உயிர்பெற்ற பழைய கைபேசிகளில் தேதி மாறிக் கிடப்பதுண்டு. விதைப் பையின் அட்டையில் காலாவதித் தேதி பார்த்து வாங்குகிறோம் அல்லவா? அதுபோல, நிறுவனத்தின் கணினி காட்டும் பாதுகாப்புச் சான்றின் தேதியைக் கைபேசி சரிபார்க்கிறது. தன் நாட்காட்டியே தவறாக இருந்தால் நல்ல சான்றையும் செல்லாது என்று ஒதுக்கி, படத்தை எடுக்க மறுத்துவிடும். தேதியும் நேரமும் தானாக அமையும்படி வைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை.

இவற்றிற்குப் பிறகும் திறக்காவிட்டால், படங்களைச் சேமிக்க வாட்ஸ்அப்புக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறதா, மெமரி கார்டு பழுதா என்று பார்த்து, கைபேசியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிளே ஸ்டோரில் புதிய பதிப்பு இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். செயலியையே நீக்கிவிட்டு மறுபடி போடும் யோசனையைக் கடைசியில் வையுங்கள். முன்கூட்டிப் பேக்கப் எடுக்காமல் நீக்கினால், பழைய செய்திகளும் ஆலோசனைகளும் கையைவிட்டுப் போய்விடும். அவசரத்தில், குழுவில் எவரோ போட்ட 'ஏபிகே' என்று முடியும் கோப்பைத் தொட்டுவிடவும் கூடாது. படம் எதுவும் அப்பெயரில் வருவதில்லை. அரசுத் திட்டங்களின் பெயரிலேயே இத்தகைய போலிச் செயலிகள் வலம் வருகின்றன. வங்கிக் கணக்கிற்கே ஆபத்து.

குழுக்களை நடத்தும் வேளாண் அலுவலர்களுக்கும் முன்னோடி விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நோயின் படத்தை அனுப்பும்பொழுது அதன் கீழே நோயின் பெயரையும், செய்ய வேண்டியதையும், மருந்தின் அளவையும் எழுத்தில் தாருங்கள். படம் இறங்காத இடத்திலும் எழுத்து போய்ச் சேரும். 2023 முதல் வாட்ஸ்அப்பில் எச்டி என்ற உயர்தரத்திலும் படம் அனுப்பலாம் என்றாலும், சிக்னல் குறைந்த ஊர்களுக்கு அது சுமை. இலையின் அருகே சென்று, வெயில் நேராகப் படாமல், ஆடாமல் எடுத்த சாதாரணப் படமே போதுமானது.

படம் திறக்கும்வரை காத்திருக்க முடியாத நிலையில், 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணிக்குள் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். அழைக்கும்பொழுது இலை ஒன்றைக் கையில் பறித்து வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியின் வடிவம், நடுவிலுள்ள நிறம், பயிரின் வயது, கடைசியாக உரமிட்ட நாள் ஆகியவற்றை அவர்கள் கேட்பார்கள்.