விசில் வேறு, சத்தம் வேறு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"என்ன வேணும்னாலும் பேசுங்க, அறிவுரை மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எனவே ஒரு சுவிட்சைப் பற்றிப் பேசப் போகிறேன். பழைய வால்வு ரேடியோவில் மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று திருப்புவோமே, அந்தப் பேண்ட் சுவிட்ச்தான். அதை ஒரு ரேடியோ கண்ட்ரோல் டிரான்ஸ்மிட்டருக்குள் வைத்து, பொம்மை ரயிலுக்குக் குரல் கொடுத்த கதை இது.

முதலில் ரயில். நம் மலை ரயில் 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் வந்தது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் அதன் சத்தத்தைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா?

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த எக்ஸ் வகை நீராவி இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். கீழே இருக்கும் இரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே உள்ள இரண்டும் பல்சக்கரத்தை ஓட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை கீழ் சிலிண்டர்களுக்கு மட்டும்தான் வேலை. கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளம் தொடங்கியதும், அவற்றிலிருந்து வெளிவரும் நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டர்களுக்குப் போய் இன்னொரு முறை உழைக்கும். சுமார் 12.5 அடிக்கு ஒரு அடி ஏறும் பாதை அது. அங்கே இன்ஜினின் மூச்சே மாறிவிடும்.

இன்னொன்று: மலை ஏறும்போது இன்ஜின் ரயிலுக்குப் பின்னால் இருந்து தள்ளுகிறது. ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. முன் பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன் கொடி காட்டுவார். ஓட்டுநர் விசிலில் பேசுவார். அந்த விசிலைக் கேட்டுத்தான் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள பிரேக்ஸ்மேன்கள் பிரேக்கைப் போடுவார்கள், விடுவார்கள். பயணிகளுக்கு அது அழகான ஊதல், அவர்களுக்கு அது உத்தரவு.

என் அப்பா அந்தப் பாதையில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நான் வீட்டுத் தோட்டத்தில் 45 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டு, எக்ஸ் வகை இன்ஜின் மாதிரி ஒன்றைப் பாட்டரியில் ஓட்டுகிறேன். நம் ரயில் மீட்டர் கேஜ், அதாவது 1000 மில்லிமீட்டர். ஆகவே மாதிரியின் அளவு சுமார் 22.5-இல் ஒரு பங்கு. ஓடுவது நன்றாக ஓடியது. ஆனால் ஊமையாக ஓடியது. அதற்கு ஆறு ஒலிகள் கொடுக்கலாம் என்று காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, ரெண்டுலேருந்து ஆறுக்குத் திருப்புறப்ப நடுவுல இருக்கிற விசிலும் ஊதுமா?"

"ஊதும்ப்பா, ஒரு துளி."

"அப்ப அது விசில் இல்லடா. வெறும் சத்தம்."

இந்த ஒரு கேள்விதான் முழு வடிவமைப்பையும் தீர்மானித்தது. மாணவர்களே, இப்போது கொஞ்சம் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்மிட்டரில் உபரியாக ஒரு திருகு இருக்கும். அதன் அடியில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். மூன்று ஒயர்கள்: ஒரு முனையில் மின்னழுத்தம், மறு முனையில் கிரவுண்ட், நடுவில் நகரும் முனை. பெரும்பாலும் 5 கிலோ ஓம் இருக்கும், மீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள். அதைக் கழற்றிவிட்டு ஆறு நிலை சுவிட்சைப் போட வேண்டும். கடையில் 12 நிலை சுவிட்ச்தான் கிடைத்தது என்றால் கவலை வேண்டாம். நட்டுக்கு அடியில் ஒரு தடுப்பு வளையம் இருக்கும். அதை ஆறாவது துளையில் மாட்டினால் சுவிட்ச் ஆறோடு நின்றுவிடும்.

ஆறு காதுகளுக்கு இடையே ஐந்து இடைவெளி. ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். முதல் காதுக்குக் கிரவுண்ட் ஒயர், ஆறாவது காதுக்கு மின்னழுத்த ஒயர், நடு முனைக்குப் பழைய நடு ஒயர். அவ்வளவுதான். ஐந்தும் சமம் என்பதால் மின்னழுத்தம் ஐந்து சம படிகளாக ஏறும். டிரான்ஸ்மிட்டர் அதைத் துடிப்பின் நீளமாக மாற்றி அனுப்பும். ரிசீவரில் 1000, 1200, 1400, 1600, 1800, 2000 மைக்ரோ விநாடி என்று வரும். செட்டுக்குச் செட்டு கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அதனால் எல்லைகளை 1100, 1300, 1500, 1700, 1900 என்று நடுவில் வைத்தால் குழப்பம் வராது.

சுவிட்ச் வாங்கும்போது ஒன்று கேளுங்கள். பழைய தொடர்பை விட்டபின் புதியதைத் தொடும் ரகம் ஒன்று, புதியதைத் தொட்டபின் பழையதை விடும் ரகம் இன்னொன்று. இரண்டாவதுதான் நமக்கு வேண்டும். முதல் ரகத்தில் ஒரு கணம் நடு ஒயர் அந்தரத்தில் தொங்கும், அப்போது டிரான்ஸ்மிட்டர் என்ன படிக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது ரகத்தில் ஒரு ரெசிஸ்டர் கணநேரம் குறுக்காகும். மின்னழுத்தம் இரண்டு படிகளுக்கு நடுவிலேயே இருக்கும்.

இனி அப்பாவின் கேள்வி. இன்ஜினுக்குள் ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலரும், மெமரி கார்டில் இருந்து ஒலி வாசிக்கும் பலகையும் இருக்கின்றன. முதல் மூன்று நிலைகள் ஓட்டத்துக்கு: நிற்பது, சமதளம், பல்தண்டவாள ஏற்றம். துடிப்பு விநாடிக்குச் சுமார் 50 முறை வருகிறது. தொடர்ந்து 15 துடிப்புகள் ஒரே நிலையைச் சொன்னால்தான் ஒலி மாறும். அது 0.3 விநாடி. வழியில் கடந்து போகிற நிலை அவ்வளவு நேரம் நிற்காது.

அடுத்த மூன்று நிலைகள் விசிலுக்கு. இங்கே திருப்பினால் எதுவும் ஊதாது. எந்த விசில் என்று தேர்வு மட்டும் ஆகும், ஓட்டத்தின் ஒலி முன்போலவே தொடரும். ஊதுவதற்கு இன்னொரு சேனலில் ஒரு புஷ் பட்டன். அழுத்திய கணத்தில் தேர்வு பூட்டிக்கொள்ளும். கை தவறித் திருகு நகர்ந்தாலும் விசில் மாறாது. தேர்ந்தெடுப்பது ஒரு கை, சொல்வது இன்னொரு கை. சிக்னல் அரை விநாடி அறுந்துபோனால் எல்லா ஒலியும் அடங்கிவிட வேண்டும். யாரும் கொடுக்காத உத்தரவு ஊதக் கூடாது அல்லவா?

நம்ம ஊருக்கென்று சில வார்த்தைகள். குன்னூர் மூடுபனியில் சுவிட்ச் தொடர்புகள் சீக்கிரம் கறுத்துவிடும், ஆகவே மூடிய ரகமாக வாங்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில்தான் நன்றாகப் போகும், மேட்டுக்குப் பின்னால் நின்று இயக்காதீர்கள். பாட்டரியைக் கழற்றாமல் சால்டரிங் வேண்டாம். ஆண்டெனா ஒயரை நகர்த்தவே வேண்டாம். மூடியதும் தூரச் சோதனை செய்துவிட்டுத்தான் ரயிலை ஓட்டவேண்டும். டிரான்ஸ்மிட்டரைத் திறந்தால் வாரண்டி போய்விடும், இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது!

சுவிட்சும் ரெசிஸ்டரும் ரிச்சி தெருவில் கிடைக்கும், நிரலைப் பிள்ளைகள் நீங்கள் ஒரே மாலையில் எழுதிவிடுவீர்கள். கடையில் கிடைக்காதது ஒன்று உண்டு: எந்த விசில் எந்த இடத்தில் எதைச் சொல்கிறது என்ற அறிவு. பொன்மலைப் பணிமனை 2010-களில் புதிய எக்ஸ் வகை இன்ஜின்களையே கட்டித் தந்துவிட்டது. இரும்பை மறுபடி வார்க்கலாம். ஆனால் மழையிலும் பனியிலும் பெட்டி வாசலில் நின்று அந்த மொழியைக் காதால் படித்தவர்கள், ஓய்வு பெற்று இந்த மலையில் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஒருவர் வீட்டுக்காவது போங்கள். அவர் ஊதிக் காட்டுவதைப் பதிவு செய்யுங்கள், பக்கத்திலேயே அதன் பொருளையும் எழுதுங்கள். அந்த ஒலிகளையும் குறிப்பேட்டையும் நம் இயற்பியல் துறையில் வைப்போம். சால்டரிங் சொல்லித்தர நான் வருகிறேன், டீ செலவு சங்கத்துடையது என்று தலைவர் தலையாட்டுகிறார்.