பகலிலும் லைட் போடும் காம்பரா

(தோட்டத்தில் நடந்த மாதர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். நான் வெளிச்சத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள், இதுவும் சங்கத்து விசயம்தான்.

ஒரு கேள்வி. பகல் 12 மணிக்கு, லைட் போடாமல், உங்கள் காம்பராவுக்குள்ளே நின்று சம்பளச் சிட்டையை வாசிக்க முடியுமா? முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் முடியாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். இரண்டு பக்கச் சுவரும் அப்படியே. வெளிச்சம் வர வாசல் ஒன்றுதான் வழி. குடும்பம் பெருகியதும் இஸ்தோப்பையும் அடைத்துவிட்டோம். வேறென்ன செய்வது?

கண் பார்ப்பதற்கு மட்டும் அல்ல. கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் இது பகல், இது இரவு என்று மூளை உடம்புக்குச் சொல்கிறது. இருட்டினால் மெலடோனின் என்ற சுரப்பு கூடித் தூக்கம் வருகிறது. காலை வெளிச்சம் பட்டால் அது அடங்கி உடம்பு விழிக்கிறது. இந்த உடம்புக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். பகலெல்லாம் அரை இருட்டில் கிடக்கிறவருக்கு அந்தக் கடிகாரம் தடுமாறும். பகலில் மந்தம், இரவில் விழிப்பு. தூக்கம் கெட்டால் எரிச்சலும் காரணம் தெரியாத அழுகையும் பின்னாலேயே வரும்.

கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு வெளிச்சம் கிடைத்துவிடுகிறது, மழையும் அட்டையும் சேர்த்து. காம்பராவில் இருப்பது யார்? வேலையை விட்டு நின்ற அப்பாயி, நோயாளி, பச்சை உடம்புக்காரி. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று கதவையும் சாத்துகிறோம். சில வாரத்தில் அவள் அழுதபடி இருந்தால் பேய் பிடித்திருக்கிறது என்கிறோம், இல்லாவிட்டால் சோம்பேறி என்கிறோம். எனக்கு இந்த இரண்டாவது பேச்சுத்தான் அதிகம் கோபம் தருகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ஒரு நோய். இருட்டு மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. ஆனால் தூக்கமில்லாத தாயை இருட்டிலும் தனிமையிலும் வைத்தால் நோய் கூடத்தான் செய்யும்.

காலையில் அரை மணி நேரமாவது இவர்களை வாசலில் உட்கார வையுங்கள். குளிருக்குக் கம்பளி போர்த்தினால் போதும். பனி மூடிய நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் காம்பரா பல்பை விடப் பல மடங்கு அதிகம். அடுப்புக் கரி படிந்த சுவர் வெளிச்சத்தைக் குடித்துவிடும், வருசத்துக்கு ஒரு தரம் சுண்ணாம்பு அடியுங்கள். இரவில் குழந்தைக்குப் பால் கொடுக்க வெள்ளை வெளிச்சப் பெரிய பல்ப் வேண்டாம், மஞ்சள் வெளிச்சச் சின்னப் பல்ப் போதும். பெக்டரியில் இரவு வேலை பார்த்து வருகிறவருக்கு எல்லாம் தலைகீழ். அவர் தூங்கும் பகலை இருட்டாக்கிக் கொடுங்கள். (புதுவீடு கிடைத்த சிலர் யன்னலை மறைத்து அலுமாரி வைத்திருப்பதையும் பார்த்தேன். தள்ளி வையுங்கள்!)

வாரக்கணக்கில் ஒருவர் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்து இருந்தால் வாசலில் உட்கார வைத்தால் மட்டும் போதாது, வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் நாள் பார்க்காதீர்கள், அன்றே கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம்.

இனிச் சங்கத்து வேலை. யன்னலுக்குச் சுவரை உடைக்கவோ, கூரையில் வெளிச்சம் விடும் சீட் போடவோ நாம் நினைத்தால் மட்டும் முடியாது, தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரையை நீங்களே வெட்டவும் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆகவே இதை நிர்வாகமே செய்து தரவேண்டும் என்று கேட்கப்போகிறோம். சூரியன் சும்மா தருவதற்கு மாதா மாதம் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிறோம்! 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள், மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. அந்த நாட்களில் நடுப்பகலிலும் குப்பி லாம்புப் புகைக்குள் இருந்த காம்பராக்கள் உண்டு.

லயத்துக்கு யன்னல் கேட்டால் ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கைவிட்டுப் போகும் என்று ஒரு தோழர் சொன்னார். அவருடைய பயம் நியாயமானது. அதனால் மனுவில் முதல் வரியாகக் காணியும் வீடும், இரண்டாவதாக யன்னல் என்று எழுதுவோம். வீடு வரும்வரை அப்பாயி இருட்டில் இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லையே.

எண்ணிக்கை இல்லாமல் போனால் துரை "பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு லயத்திலும் சம்பளச் சிட்டைச் சோதனையைச் செய்யுங்கள். லய இலக்கம், காம்பரா இலக்கம், பகலில் உள்ளே இருப்பவர் யார் என்ற மூன்றும் போதும். எழுத நேரமில்லாதவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கொப்பியில் எழுதி என்னிடம் கொண்டு வருவார்கள்.