இரண்டு நொடிக்குள் எத்தனை எண்?



இந்த மாநாட்டுத் தலைமை நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களின் பெயர்களை அழைப்பிதழின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். வரும் வழியில் நான் அதைப் படித்திருக்கக் கூடாது. சிலரிடம் பாடம் கேட்டவன் நான். ஒருவரிடம் வாய்மொழித் தேர்வில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். தலைமையுரை என்றால் துறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டவேண்டும் என்பது மரபு. செயலாளர் கொடுத்திருக்கும் நேரம் அதற்குப் போதாது. ஒரு வழக்கைத் தொடுக்கப் போதும். அதையே செய்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

‘அறிதிறன் குறைபாடும் குழந்தைகளின் கற்றல், கவனம், ஊக்கமும்’ என்பது மாநாட்டின் பொருள். இரும்புச்சத்துக் குறைவு, தூக்கம், காது கேளாமை, கைப்பேசித் திரை, குடும்பச் சூழல் என்று கட்டுரைகள் பல திசைகளில் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அமர்வு உண்டு. பேட்லியும் ஹிட்சும் 1974-இல் வரைந்த செயல்நினைவுப் படம் இங்குள்ள எல்லோருடைய ஆய்வேட்டிலும் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. அதை நான் மறுபடி வரைய வேண்டியதில்லை.

கட்டுரைச் சுருக்கங்களைப் புரட்டியபோது ஒரு வாசகம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: ‘அறிதிறன் குறைந்த குழந்தை.’ உயரம் குறைந்த குழந்தை என்பதுபோல, அது பிள்ளையோடு ஒட்டிப் பிறந்த அளவு என்று எடுத்துக்கொண்டே பலரும் எழுதியிருக்கிறோம். ஆனால் இதே தமிழ்நாட்டில், விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில், 54 கிராமங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. அறுவடைக்கு முன்பு கை வறண்டிருந்தபோது ஒரு முறையும், அறுவடைக்குப் பின் பணம் வந்தபோது இன்னொரு முறையும் அதே மனிதர்களின் அறிதிறனைச் சோதித்தார்கள். காசு வந்தபின் மதிப்பெண் கூடியிருந்தது. அந்த ஆய்வின் புள்ளியியலைக் கேள்வி கேட்டு அதே இதழில் மறுப்பும் வந்தது. அதையும் படித்தே பேசுகிறேன். ஆனாலும் நாற்பது வயது மனிதரின் மதிப்பெண்ணே பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கலாம் என்றால், ஏழு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் மதிப்பெண்ணை வைத்து நாம் எழுதும் அறிக்கைகளில் கொஞ்சம் தயக்கம் இருக்க வேண்டாமா?

கவனத்துக்கு வருகிறேன். “அறிவியல் நோட்டை எடு, போன பாடத்துக்கு அடுத்த பக்கத்தில் தேதி போடு, புத்தகத்தில் இருக்கிற படத்தை வரை, பாகங்களைக் குறி, முடித்தவர்கள் பின்பக்கத்து மூன்றாம் கேள்விக்கு விடை எழுதுங்கள்.” எந்த நான்காம் வகுப்பிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. தேதி போட்டு முடிப்பதற்குள் சில பிள்ளைகளுக்கு மற்றதெல்லாம் நழுவிவிடும். அப்படி ஒருவன் அடுத்தவன் நோட்டை எட்டிப் பார்ப்பான். “அங்கே என்னடா பராக்குப் பார்க்கிறே?” என்ற அதட்டல் விழும். பிள்ளை கவனிக்காமல் இல்லை. கவனித்துத்தான் வாங்கினான், வாங்கியதை வைத்திருக்க இடம் போதவில்லை. அந்த இடத்தைத்தான் செயல்நினைவு என்கிறோம். அல்லோவேயும் கேதர்கோலும் மற்றவர்களும் இங்கிலாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து, செயல்நினைவு மிகக் குறைந்த 308 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். 2009-இல் வந்த அந்த ஆய்வில் ஆசிரியர்கள் அப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன முக்கியமான குறை கவனச் சிதறல்தான்.

ஊக்கத்தின் கதையும் இதே வழியில்தான் போகிறது. தினமும் பாதி வேலையில் தொலைந்துபோகிறவன் சில மாதத்தில் வேலையைத் தொடங்குவதையே விட்டுவிடுவான். அது சோம்பல் இல்லை. தோற்கிற ஆட்டத்துக்கு அவன் போட்ட கணக்கு. பிறகு நாம் கேள்வித்தாளோடு போய் அவனுடைய ஊக்கத்தை அளந்து, ஊக்கக் குறைவால் கற்றல் குறைகிறது என்று எழுதுகிறோம். ஊக்கத்தைப் பற்றிய கட்டுரையாளர்கள் இந்த மூன்று நாளில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்: எது முன்னால் வந்தது?

இனி என் வழக்கு. செயல்நினைவு குறைவு என்று நாம் எழுதுகிறோமே, அதை எதைக் கொண்டு அளக்கிறோம்? பெரும்பாலும் டிஜிட் ஸ்பேன். நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்லி, கேட்ட வரிசையில் திருப்பிச் சொல்லவைக்கும் சோதனை. ஒரே வேளையில் நினைவில் நிற்பது ஏழு என்றார் மில்லர், 1956-இல். கோவன் 2001-இல் நான்கு என்றார். இவர்களுக்கு நடுவில், 1975-இல், பேட்லியும் தாம்சனும் புக்கானனும் ஒன்றைக் காட்டினார்கள். நினைவில் நிற்பது இத்தனை சொல் என்பதை விட, ஏறக்குறைய இரண்டு நொடிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய அளவுச் சொல் என்பதே பொருத்தம். நீளமான சொற்களென்றால் குறைவாக நிற்கும்.

இதன் விளைவை வேல்ஸ் நாட்டில் கண்டுகொண்டார்கள். வேல்ஸ் மொழியில் நடத்தப்பட்ட நுண்ணறிவுச் சோதனையில் எண் வரிசைப் பகுதியில் குழந்தைகள் பின்தங்கினார்கள். எல்லிஸ், ஹென்னெல்லி என்ற இருவர் 1980-இல் இருமொழியாளர்களை வைத்துப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. வேல்ஸ் எண்ணுப்பெயர்களைச் சொல்ல ஆங்கிலத்தை விட அதிக நேரம் ஆகிறது. அதே ஆள் வேல்ஸ் மொழியில் குறைவாகவும் ஆங்கிலத்தில் கூடுதலாகவும் நினைவில் வைத்தார். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதைத் தடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்தது. இது ஒன்றும் மூலையில் கிடக்கும் கட்டுரை இல்லை. ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி’யில் வந்தது. இருந்தும் நம் மாநாட்டு மலர்களில் அதைக் குறிப்பிட்டவர்கள் மிகக் குறைவு.

ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை, ‘செவன்’ தவிர எல்லாவற்றிலும் ஒரே ஓர் உயிரொலி. தமிழில் எந்த எண்ணுப்பெயரிலும் இரண்டுக்குக் குறைவில்லை. இரண்டுக்கும் ஒன்பதுக்கும் மூன்று. தமிழில் சோதிக்கப்பட்ட பிள்ளையின் மதிப்பெண்ணை ஆங்கிலப் பிள்ளைகளின் அட்டவணையில் வைத்து, குறைவு என்று சொன்னால், நாம் அளந்தது பிள்ளையையா, மொழியையா என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையில் கேட்டிருந்தேன்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மொழியியல் நண்பர் அதற்கு ஒரு மறுப்பு எழுதினார். அழகான மறுப்பு. ஏழு தவிர மற்ற எண்ணுப்பெயர்கள் எல்லாம் குற்றியலுகரத்தில் முடிகின்றன. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதான். ஆகவே தமிழ் எண்கள் நீளம் என்பது எழுத்தைப் பார்த்து வந்த மயக்கம், உளவியலாளர்கள் இலக்கணம் படிப்பது நல்லது என்று முடித்திருந்தார். அறிவுரையை ஏற்றுப் படித்தேன். எனக்குப் பட்டதை அவர் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறேன். அரை மாத்திரை என்பது இலக்கணம் வகுத்த அளவு. எட்டு வயதுப் பிள்ளை, பதற்றத்தில், அறிமுகமில்லாத ஒருவருக்கு எதிரே, எண் வரிசையை மனத்துக்குள் உருட்டும் வேகத்தை நிறுத்துகடிகாரம்தான் சொல்லமுடியும். நீளம் இல்லை என்று கடிகாரம் சொன்னால் என் கட்டுரையை நானே திரும்பப் பெறுவேன். அளக்காமல் நன்னூலைக் காட்டினால் பெறமாட்டேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோதிப்பவர் ‘ஒன்பது’ என்கிறாரா, ‘ஒம்போது’ என்கிறாரா? நம்மில் எத்தனை பேர் சொந்தக் கைப்பேசி எண்ணைத் தமிழில் சொல்கிறோம்? தமிழ்த்துறைப் பேராசிரியர்களும் ‘நைன் எய்ட் ஃபோர்’ என்றுதான் தொடங்குகிறார்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை தமிழில் கேட்ட எண்ணை உள்ளே ஆங்கிலமாக்கி, மறுபடி தமிழாக்கிச் சொல்கிறதா? அறிக்கையில் எந்த மொழியில் சோதித்தோம் என்ற ஒரு வரிகூட இருப்பதில்லை. நம் மருத்துவமனைகளில் புழங்கும் கருவிகள் எங்கிருந்து வந்தவை? பினே–காமத் நுண்ணறிவுச் சோதனை கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காகத் தழுவப்பட்டது. மாலினின் ‘மிசிக்’ நாக்பூரில் உருவானது. அந்தப் பெரியவர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக உழைத்தார்கள். நாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக அந்த உழைப்பைச் செய்யவில்லை.

இது கல்வி இதழ்ச் சண்டை மட்டுமில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பின் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழில் தேர்வுச் சலுகைகள் தொங்குகின்றன. மதிப்பெண் தவறினால் உரியவனுக்குச் சலுகை போய்ச் சேராது. வேண்டாதவன் நெற்றியில் முத்திரை விழும். அந்த முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் அடுத்து எங்கே போகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்: மூளைப் பயிற்சி மையத்துக்கு.

மிட்பிரெயின் ஆக்டிவேஷன் என்று கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் வித்தையைப் பற்றி இந்த அவையில் பேசினால் அவைக்கு அவமதிப்பு. கௌரவமான பயிற்சிகளையே எடுத்துக்கொள்வோம். கணினியில் செயல்நினைவை வளர்க்கும் பயிற்சிகளின் முடிவுகளைத் தொகுத்து மெல்பி-லெர்வோக், ஹியூம் 2013-இல் எழுதினார்கள். பயிற்சி செய்த விளையாட்டைப் போன்ற சோதனைகளில் முன்னேற்றம் உண்டு. வாசிப்பிலும் கணக்கிலும் அது வந்து சேரவில்லை. அபாகஸ் பற்றி நம் நாட்டிலேயே, வதோதராவில், பார்னரும் குழுவினரும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. மன அபாகஸ் கற்றவர்கள் கணக்கில் முன்னேறினார்கள். செயல்நினைவு கூடவில்லை. அபாகஸ் கற்றால் அபாகஸ் கணக்கு வரும். விளம்பரப் பலகை அதற்கு மேலே சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

எரிக்சன், சேஸ், ஃபாலூன் மூவரும் 1980-இல் எழுதியதும் இதைத்தான் காட்டுகிறது. ஒரு கல்லூரி மாணவர் ஒன்றரை ஆண்டுப் பயிற்சியில் ஏழு எண்ணிலிருந்து 79 எண் வரை போனார். ஓட்டப்பந்தய வீரரான அவர் எண்களை ஓட்ட நேரங்களாகக் கோத்து வைத்துக்கொண்டார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் ஆறில் வந்து நின்றார். கொள்கலம் பெரிதாகவில்லை, தெரிந்த ஒன்றில் கட்டிப்போடக் கற்றிருந்தார்.

இங்கே எனக்கு இன்னொரு பழைய கணக்கு இருக்கிறது. வாய்பாடு மனப்பாடம் வேண்டும் என்று சொன்னதற்காக, குழந்தை மையக் கல்வியில் ஈடுபாடுள்ள நண்பர்கள் ஒரு கருத்தரங்கில் என்னைத் ‘திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை’ என்றார்கள். பட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன். அவர்கள் யாரும் திண்ணைப் பள்ளியின் வாய்பாட்டு நூலான எண்சுவடியைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. முந்திரி என்ற 320-இல் ஒரு பங்கு, காணி என்ற 80-இல் ஒரு பங்கு, மா என்ற 20-இல் ஒரு பங்கு: இந்தப் பின்னங்களின் பெருக்கலைப் பிள்ளைகள் ஓசையோடு சொல்லிச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று தங்கம் நிறுக்கவும் நெல் அளக்கவும் தனித்தனிச் சுவடி. செந்தில் பாபு 2022-இல் வெளியிட்ட நூல், திண்ணைப் பள்ளியின் நினைவுப் பயிற்சியை வெற்று ஒப்பிப்பு என்று தள்ளாமல் ஒரு கற்றல் முறையாகவே எடுத்துப் பேசுகிறது. நம் துறையில் அதைப் பாடநூலாக வைத்திருக்க வேண்டும். வரலாற்றுத் துறைக்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

திண்ணைக்குப் புகழ்மாலை சூட்டவும் நான் வரவில்லை. அந்தத் திண்ணையில் ஏற முடியாதபடி சாதி நிறுத்திவைத்த பிள்ளைகள் ஊரில் பலர். பிரம்புக்கும் அங்கே குறைவில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது நாக்கு நுனியில் இருக்கிற பிள்ளைக்கு, மீதிக் கணக்கை யோசிக்க இடம் மிச்சமாகிறது. செயல்நினைவு குறைந்த பிள்ளைக்கு அந்த இடம் மற்றவர்களை விட அதிகமாக வேண்டும். ஆக, வாய்பாட்டைக் கைவிட்டு நாம் காப்பாற்ற நினைத்த பிள்ளையைத்தான் நட்டாற்றில் விட்டோம். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு வீட்டிலோ டியூஷனிலோ யாராவது சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

வகுப்பறைக்கு நான் சொல்ல வருவது புதிதில்லை. இங்குள்ள ஆசிரியர்களில் பலர் ஏற்கனவே செய்வதுதான். ஐந்து கட்டளையை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது. சொன்னதைப் பலகையில் விட்டுவைப்பது. “நான் என்ன சொன்னேன்?” என்று அதட்டாமல் கேட்பது. இதற்குக் கட்டணம் இல்லை. அதனால்தானோ என்னவோ, இதைப் பற்றி ஒரு கட்டுரையும் வரவில்லை.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நிறைவுநாள் தீர்மானங்களில் இரண்டைச் சேர்க்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். சோதித்த மொழி எது, எண்ணுப்பெயர்கள் எந்த வழக்கில் சொல்லப்பட்டன என்று குறிப்பிடாத எந்த அறிக்கையிலும் நம் உறுப்பினர்கள் ‘செயல்நினைவு குறைவு’ என்று எழுதிக் கையெழுத்திடக் கூடாது. அடுத்த மாநாட்டுக்குள், தமிழ் வழி, ஆங்கில வழிப் பிள்ளைகள் எண்களைச் சொல்லும் வேகத்தை இரண்டு மொழியிலும் அளந்து முடிவுகளை வெளியிட வேண்டும். மொழியியல் நண்பர் என்னோடு சேர்ந்து இந்த ஆய்வை வழிநடத்த இசையவேண்டும் என்று அவை முன்னிலையில் அழைக்கிறேன். ஆய்வு மாணவர்களில் விருப்பமுள்ளவர்கள் இடைவேளையில் எங்கள் இருவரிடமும் பெயர் கொடுக்கலாம்.